கேளுங்க, சொல்றேன்: நுங்கம்பாக்கத்துல சிக்கின ‘ஏஷியா’வும் காவலூர் ‘ராமானுஜன்’னும்

போன இதழ்ல இந்தியர்களோட பேர் இருக்கற சிறுகோள்கள் (சூரியனைச் சுத்தற சின்னச் சின்னப் பாறைங்க, இங்கிலீஷ்ல ஆஸ்டராய்ட்) பத்தி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம், அதுல கடைசி வரியில "1861லயே சென்னையில ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க"ன்னு மட்டும் இருந்துச்சு, விளக்கம் எதுவும் இல்ல. அந்த ஒத்தை வரியைப் பிடிச்சுக்கிட்டு பெங்களூர் வாசகர்கள்கிட்டேந்து கேள்வி மேல கேள்வி. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ங்கறதால இந்த வாரம் மத்த கேள்வி எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: 1861ல கரண்ட் இல்ல, வானத்தை போட்டோ பிடிக்கற வழக்கமும் அப்ப பெருசா வரல. லட்சக்கணக்கான நட்சத்திரத்துக்கு நடுவுல இது நட்சத்திரம் இல்ல, சிறுகோள்னு எப்படிங்க கண்டுபிடிச்சாங்க? யார் அந்த ஆள்? (அல்சூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, முதல்ல ஆளைச் சொல்லிடறேன். நார்மன் ராபர்ட் போக்சன். இங்கிலாந்துல நாட்டிங்காம்காரர், ஆக்ஸ்போர்டுல ராட்கிளிஃப் வானாய்வகத்துல வேலை பார்த்தப்பவே மூணு சிறுகோள் கண்டுபிடிச்சவர். 1861 ஆரம்பத்துல மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த வானாய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்துல, இன்னிக்கு காலேஜ் ரோட்ல வானிலை ஆபீஸ் இருக்கு பாருங்க, அந்த வளாகம்தான். டிவியில புயல் வரும்போதெல்லாம் "நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை அளவு"ன்னு சொல்றாங்களே, அதே இடம். வந்து ரெண்டு மாசம் ஆகியிருக்கும், ஏப்ரல் 17ஆம் தேதி ராத்திரி ஒண்ணைப் பிடிச்சுட்டார். ஆசியா கண்டத்துலேந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள் அதுதான், அதனால அதுக்கு ‘ஏஷியா’ன்னே பேர் வச்சார். கிரேக்கப் புராணத்துலயும் அந்தப் பேர்ல ஒரு நீர்த்தேவதை உண்டு, அந்தக் காலத்துல சிறுகோளுக்கு எல்லாம் பெண் தெய்வங்கள் பேர்தான் வைக்கணும்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, ரெண்டுக்கும் பொருத்தமா அமைஞ்சுது. வரிசை நம்பர் 67.

இப்ப எப்படிங்கறதுக்கு வரேன். டெலஸ்கோப்ல பார்த்தா சிறுகோளும் நட்சத்திரமும் ஒரே மாதிரி புள்ளிதான், வட்டமா எல்லாம் தெரியாது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரங்களோட அதே இடத்துல இருக்கும், சிறுகோள் நகரும். அதனால இந்த வேலை செய்யறவங்க சூரியன் வருஷம் பூரா போற பாதைக்கு ஒட்டின பகுதியை எடுத்துக்குவாங்க, ஏன்னா சிறுகோள்கள் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்ளதான் சுத்தும், அதுலயும் அன்னிக்கு ராத்திரி சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கற துண்டு, அங்கதான் பூமிக்குக் கிட்டவும் வெளிச்சமாவும் இருக்கும். அந்தத் துண்டுக்கு நட்சத்திர வரைபடம் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு, இருட்டுல சின்ன விளக்கு வெளிச்சத்துல படத்தைப் பார்க்கறது, கண்ணை டெலஸ்கோப்ல வைக்கறது, படத்துல இருக்கற புள்ளி ஒவ்வொண்ணா வானத்துல இருக்கான்னு சரிபார்க்கறது. வானத்துல ஒரு புள்ளி அதிகமா இருந்தா சந்தேகம். உடனே குதிச்சுட முடியாது, படம் வரைஞ்சவர் விட்டிருக்கலாம், இல்ல வெளிச்சம் மாறுற நட்சத்திரமா இருக்கலாம். அதனால பக்கத்துல இருக்கற ரெண்டு மூணு நட்சத்திரத்துலேந்து அது எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளவு எடுத்து, நேரத்தையும் எழுதி வச்சுட்டு, ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ கழிச்சு திரும்ப அளக்கணும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சிறுகோள்கள் கூட்டமா சுத்தற பட்டையில இருக்கற ஒண்ணு அந்த மாதிரி எதிர்ப்பக்கம் இருக்கும்போது ஒரு நாளைக்கு நிலாவோட அகலத்துல பாதி அளவுக்கு நகரும், அப்ப ஒரு மணி நேரத்துல எவ்வளவு சின்ன நகர்வு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! மறுநாள் மேகம் வந்துடுச்சுன்னா போச்சு, தேடிப் பிடிக்கணும். அங்க இருந்த டெலஸ்கோப்போட லென்ஸே 6 அங்குலம் சொச்சம்தான். மெட்ராஸ் ஏப்ரல் மாச புழுக்கத்துல, கொசுவோட, இதை ராத்திரி ராத்திரி செஞ்சாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு.

அதோட நிக்கல. மெட்ராஸ்லேந்தே 1864ல சாஃபோ, 1866ல சில்வியா, 1868ல கமிலா, 1885ல வேரான்னு மொத்தம் அஞ்சு பிடிச்சார். இதுல சில்வியா கதை தனி. ரோம் நகரத்தை உருவாக்கின ரோமுலஸ், ரீமஸ்ங்கற இரட்டையரோட அம்மா ரியா சில்வியா பேரைத்தான் அவர் வச்சார். 135 வருஷம் கழிச்சு 2001ல அந்த சிறுகோளுக்கு ஒரு நிலா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, 2004ல எடுத்த படங்கள்ல இன்னொண்ணு, ஆக ரெண்டு நிலா இருக்கற முதல் சிறுகோள்னு தெரிஞ்ச உடனே பேர் வைக்க யோசிக்கவே வேண்டியதில்ல, ரோமுலஸ், ரீமஸ்! நுங்கம்பாக்கத்துல ஒருத்தர் வச்ச பேருக்கு பிள்ளைங்க வந்து சேர இவ்வளவு நாள் ஆச்சு.

அந்த வளாகத்துல பழைய வானாய்வகத்தோட பதினைஞ்சு அடி கருங்கல் தூண் இன்னும் நிக்குது, 1792ல வச்சது, தமிழ்லயும் தெலுங்குலயும்கூட கல்வெட்டு உண்டு. சென்னைக்குப் போறவங்க அனுமதி கேட்டுப் பாருங்க.

கேள்வி: அந்த ஏஷியா இப்ப எங்க இருக்கு? யூட்யூப்ல தினமும் ஒரு விண்கல் பூமியை நோக்கி வருதுன்னு போடறாங்க, பார்த்துட்டு தூக்கமே வரமாட்டேங்குது. இது நம்ம மேல விழுமா? (ஜெயநகர் 4வது பிளாக், இல்லத்தரசி)

விழாதும்மா, நிம்மதியா தூங்குங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன், அப்பதான் உங்களுக்கும் தைரியம் வரும்.

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல 15 கோடி கிலோமீட்டர். அதை ஒரு அளவுகோலா வச்சுக்குங்க. ஏஷியா சூரியன்லேந்து சராசரியா 2.42 மடங்கு தூரத்துல, அதாவது 36 கோடி கிலோமீட்டர்ல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற பட்டையில சுத்துது. பாதை முழு வட்டம் இல்ல, கொஞ்சம் நீள்வட்டம். சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வரும்போது 1.97 மடங்கு, தள்ளிப் போகும்போது 2.87 மடங்கு. ஆக அது எவ்வளவு உள்ள வந்தாலும் நமக்கும் அதுக்கும் நடுவுல 14 கோடி கிலோமீட்டருக்கு குறையவே குறையாது. பாதையே நம்ம பாதைகிட்ட வரல, அப்புறம் எப்படி மோதும்? யூட்யூப்காரங்க சொல்றது வேற வகை, பூமியோட பாதைக்குப் பக்கத்துல வர்ற சிறுகோள்கள், அதுலயும் பெரும்பாலானது நிலாவைவிட பல மடங்கு தள்ளிதான் போகும், ‘அருகில்’ங்கற சொல்லை மட்டும் பெருசா தலைப்புல போட்டுடறாங்க.

இன்னொரு விஷயம், உங்க போன்ல கால்குலேட்டர் இருக்கும்ல, எடுங்க. 2.42ஐ மூணு தடவை பெருக்குங்க, 14.17 வரும். அதுக்கு வர்க்கமூலம் போடுங்க, 3.76 வரும். அதுதான் ஏஷியா சூரியனை ஒரு தடவை சுத்தற காலம், வருஷத்துல. மூணே முக்கால் வருஷம். இது 400 வருஷத்துக்கு முன்னாடி கெப்ளர் சொன்ன விதி, தூரம் தெரிஞ்சா காலம் தெரியும், காலம் தெரிஞ்சா தூரம் தெரியும், எந்தக் கோளுக்கும் எந்த சிறுகோளுக்கும் இதே கணக்குதான். கண்டுபிடிச்ச ராத்திரிலேந்து இன்னிக்கு வரைக்கும் நாப்பது சுத்துக்கு மேல போயாச்சு, ஒவ்வொரு சுத்துலயும் எங்க இருக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சிருக்கு. ஆளும் பெருசுதான், குறுக்களவு கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், 16 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா தன்னைத்தானே ஒரு சுத்து சுத்திக்கும், பாறை வகை.

கேள்வி: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல ஒரு கிரகம் வெடிச்சுதான் இந்தக் கல்லெல்லாம் வந்துச்சாமே? அப்ப ராக்கெட் எல்லாம் எப்படி இடிக்காம போகுது? (ஶ்ரீராமபுரம், ஆட்டோ ஓட்டுநர்)

அப்படி ஒரு காலத்துல நிஜமாவே நினைச்சாங்க அண்ணே, 1801ல சீரிஸ், 1802ல பல்லாஸ்னு அடுத்தடுத்து கிடைச்ச உடனே உடைஞ்ச கிரகம்னு ஒரு கருத்து வந்துச்சு. ஆனா பட்டையில இருக்கற எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தாலும் நம்ம நிலாவோட எடையில நூத்துல மூணு பங்குதான் தேறும், அதுலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல சீரிஸ் ஒண்ணே எடுத்துக்கும். உடையறதுக்கு அங்க கிரகமே உருவாகல. பக்கத்துல வியாழன் மாதிரி ஒரு பெரிய ஆள் இழுத்துக்கிட்டே இருந்ததால கல்லுங்க ஒண்ணோட ஒண்ணு சேர விடாம வேகமா மோத வச்சுட்டான், நிறைய வெளியவும் தூக்கி எறிஞ்சுட்டான்.

வியாழனோட கைவரிசை இன்னிக்கும் தெரியுது. அவனுக்கு ஒரு சுத்துக்கு 11.86 வருஷம். அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 3.95 வருஷத்துல சுத்தற மாதிரி ஒரு சிறுகோள் இருந்தா, அது மூணு சுத்து முடிக்கும்போதெல்லாம் அவனும் ஒரு சுத்து முடிச்சுட்டு அதே இடத்துல நின்னு இழுப்பான். திரும்பத் திரும்ப ஒரே திசையில இழுத்தா பாதை கெட்டு வெளிய போயிடும். அதனால 2.5 மடங்கு தூரத்துல பட்டையில ஒரு இடைவெளியே இருக்கு, அமெரிக்காக்காரர் டேனியல் கர்க்வுட் 1866ல எடுத்துச் சொன்னார். மேல சொன்ன ஏஷியா 2.42ல இருக்குன்னு பார்த்தோமில்ல, அந்த இடைவெளிக்கு கொஞ்சம் உள்பக்கம், அதனால தப்பிச்சுது.

ராக்கெட் இடிக்குமான்னா, சினிமாவுல காட்டற மாதிரி நெருக்கடி அங்க இல்ல. ஒரு கிலோமீட்டர் அளவு கல்லை ஒரு கடுகா நினைச்சு எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல வச்சீங்கன்னா அடுத்த கடுகு அல்சூர் ஸ்டேஷன் பக்கம்தான் இருக்கும். 1972ல கிளம்பின பயனியர் 10தான் முதல்ல அந்தப் பட்டையைக் கடந்துச்சு, அப்புறம் எத்தனையோ போயிடுச்சு, ஒண்ணும் ஆகல.

கேள்வி: எப்பவும் வெள்ளைக்காரர் பேரே வருது. மெட்ராஸ் வானாய்வகத்துல நம்ம ஆளுங்க, பெண்கள் யாருமே வேலை செய்யலையா? (விவேக்நகர், கல்லூரி ஆசிரியை)

செஞ்சாங்க, நல்லாவே செஞ்சாங்க, இந்தக் கேள்வியை அனுப்பினதுக்கு உங்களுக்கு நன்றி.

சிந்தாமணி ரகுநாதாச்சாரின்னு ஒருத்தர். சின்ன வயசுலயே வானாய்வகத்துல வேலைக்குச் சேர்ந்து படிப்படியா முதல் உதவியாளர் ஆனவர், போக்சனுக்கு வலது கை. 1867ல ‘ஆர் ரெட்டிக்யுலி’ங்கற, வெளிச்சம் மாறுற நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். 1872ல லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டியில ஃபெல்லோவாத் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். 1874 டிசம்பர்ல வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து போச்சு, அதை ஜனங்க பயப்படாம புரிஞ்சுக்கணும்னு முன்கூட்டியே புத்தகம் எழுதி நம்ம மொழிகள்ல வர வச்சார், கன்னடத்துலயும் வந்துச்சு. பஞ்சாங்கக் கணக்கை வானத்துல பார்த்ததோட ஒப்பிட்டுத் திருத்தணும்னு சொன்னவர். இப்படி ஒருத்தர் நம்ம ஊர்ல இருந்தார்னு பள்ளிக்கூடத்துல ஒரு பாடம்கூட எனக்கு இருந்ததில்ல, உங்க மாணவிகளுக்காவது நீங்க சொல்லுங்க.

பெண்கள்னா எலிசபெத் ஐசிஸ் போக்சன், நார்மன் போக்சனோட மக. அப்பாகூட மெட்ராஸ்ல உதவியாளரா இருந்து வானிலை, வானியல் ரெண்டு கணக்கையும் பார்த்தவங்க. அப்பா 1856ல ஆக்ஸ்போர்டுல கண்டுபிடிச்ச 42வது சிறுகோளுக்கு ‘ஐசிஸ்’னு பேர், மகளை நினைச்சு வச்சதுன்னு சொல்லுவாங்க. 1886ல அவங்களை அதே ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டிக்கு முன்மொழிஞ்சாங்க, பெண்களை சேர்க்க சட்டத்துல இடமில்லன்னு நிறுத்திட்டாங்க. 1920லதான் சேர்த்துக்கிட்டாங்க. முப்பத்தி நாலு வருஷம்! வேலை செய்யத் தகுதி இருந்துச்சு, உறுப்பினர் ஆகத்தான் இல்லன்னுட்டாங்க. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருது.

கேள்வி: கணிதமேதை ராமானுஜன் பேர்ல சிறுகோள் இருக்குன்னு போட்டிருந்தீங்க. அது வெளிநாட்டுக்காரர் வச்சதா, நம்மளே கண்டுபிடிச்சதா? (ராமமூர்த்தி நகர், ஐ.டி. ஊழியர்)

நம்மளே கண்டுபிடிச்சது, அதுவும் உங்க ஊர் நிறுவனம். போக்சன் 1885ல வேராவைக் கண்டுபிடிச்சதோட இந்தியாவுலேந்து சிறுகோள் கண்டுபிடிப்பே நின்னு போச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஒண்ணும் இல்ல. அதுக்கு நடுவுல மெட்ராஸ் வானாய்வகத்தோட வேலை 1899ல கொடைக்கானலுக்குப் போச்சு, அந்த வழியில வந்ததுதான் 1971ல தனி நிறுவனமான இந்திய வானியற்பியல் நிறுவனம், கோரமங்கலா 2வது பிளாக்ல இருக்கறது. மெட்ராஸ் காலத்து பழைய ஆவணங்களும் இப்ப அங்கதான் பத்திரமா இருக்கு. நீங்க அந்தப் பக்கம் டிராஃபிக்ல நிக்கும்போது நுங்கம்பாக்கத்தோட வாரிசு வாசல்லதான் நிக்கறீங்க.

அந்த நிறுவனத்துக்கு காவலூர்ல ஒரு வானாய்வகம் இருக்கு, ஜவ்வாது மலையில, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா போகணும். அங்க ராஜமோகன்ங்கற விஞ்ஞானி தலைமையில ‘கல்கி’ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஷ்மிட் டெலஸ்கோப்பை வச்சு சிறுகோள் தேடறதுக்குன்னே. ஷ்மிட்னா ஒரே படத்துல வானத்துல பெரிய பரப்பு விழும், தேடறவங்களுக்கு அதான் வசதி. ஒரே இடத்தை நேரம் விட்டு படம் எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா நகர்ந்த புள்ளி மாட்டிக்கும், அடிப்படை போக்சன் செஞ்ச அதே வேலைதான், கண்ணுக்குப் பதிலா படம். 1988 பிப்ரவரி 17ல ஒண்ணு மாட்டுச்சு.

மாட்டின உடனே பேர் வச்சுட முடியாது, முதல்ல தற்காலிகமா ஒரு அடையாளம் கொடுப்பாங்க. இதுக்குக் கொடுத்தது ‘1988 டி க்யூ 1’. பார்க்க என்னமோ பஸ் நம்பர் மாதிரி இருந்தாலும் உள்ள முழு விவரமும் இருக்கு. ஒவ்வொரு மாசத்தையும் ரெண்டு பாதியாப் பிரிச்சு ஏ, பி, சி, டின்னு எழுத்து கொடுத்திருக்காங்க, ஜனவரி முதல் பாதி ஏ, ரெண்டாம் பாதி பி, பிப்ரவரி முதல் பாதி சி, ரெண்டாம் பாதி டி. அப்ப ‘1988 டி’ன்னா 1988 பிப்ரவரி ரெண்டாம் பாதி. அடுத்த எழுத்து அந்த அரை மாசத்துல எத்தனாவதுன்னு சொல்லும். ஐங்கற எழுத்தை விட்டுட்டு எண்ணினா க்யூ பதினாறாவது, பின்னாடி இருக்கற 1 என்னன்னா இருபத்தஞ்சு எழுத்தும் ஒரு தடவை முடிஞ்சு ரெண்டாவது சுத்துல வந்துச்சுன்னு அர்த்தம். 25 கூட்டல் 16, ஆக அந்த அரை மாசத்துல உலகம் பூரா பதிவானதுல 41வது.

அப்புறம் பல மாசம், சில சமயம் பல வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்து பாதை உறுதியாகணும். அடுத்த தடவை சுத்தி வரும்போது எங்க இருக்கும்னு சந்தேகம் இல்லாம சொல்ல முடியணும். அப்பதான் நிரந்தர நம்பர். இதுக்குக் கிடைச்சது 4130. நம்பர் வந்த பிறகுதான் பேர் வைக்கற உரிமை. 1987 டிசம்பர்லதான் ராமானுஜன் பிறந்த நூறாவது ஆண்டு, ரெண்டு மாசத்துல கிடைச்ச சிறுகோளுக்கு ‘4130 ராமானுஜன்’னு அவர் பேரே வந்துச்சு. ஈரோட்டுல பிறந்து கும்பகோணத்துல வளர்ந்தவர் பேர்ல, ஜவ்வாது மலையில கிடைச்ச ஒரு சிறுகோள், எனக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு தோணல.

கேள்வி: விஸ்வநாதன் ஆனந்த் பேர்ல கிரகம் இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சே, நிஜமா? (மர்பி டவுன், செஸ் கிளாஸ் போற பையனோட அப்பா)

கிரகம் இல்ல, சிறுகோள். ‘4538 விஷியானந்த்’. ஜப்பான்ல டொயோட்டா நகரத்துல கென்சோ சுசுகி 1988 அக்டோபர் 10ல கண்டுபிடிச்சது, ரொம்ப வருஷம் பேரில்லாமலே இருந்துச்சு. சிறுகோள் பதிவுகளைப் பார்த்துக்கற மைனர் பிளானட் சென்டர்ல இருந்த மைக்கேல் ருடென்கோ, அவர் செஸ் பிரியர், ஆனந்த் பேரைச் சொல்லி 2015ல அறிவிச்சாங்க. அலெகின், கார்ப்போவ் ரெண்டு பேருக்கு அப்புறம் ஆனந்துக்கு. பையன்கிட்ட சொல்லுங்க. அதே மாதிரி நோபல் பரிசு வாங்கின சுப்ரமணியன் சந்திரசேகர் பேர்ல ‘1958 சந்திரா’ இருக்கு, இதுல 1958ங்கறது வருஷம் இல்ல, வரிசை நம்பர், கண்டுபிடிச்சது 1970ல அர்ஜென்டினாவுலேந்து.

கேள்வி: பேத்தியோட முதல் பிறந்தநாளுக்கு ஒரு ஆஸ்டராய்டுக்கு அவ பேர் வச்சுத் தர்றோம்னு ஆன்லைன்ல விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டினா ஃப்ரேம் போட்ட சர்ட்டிபிகேட் வருமாம். கட்டலாமா? (பனசவாடி, பாட்டி)

கட்டாதீங்கம்மா. அந்தப் பணத்துல பேத்திக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி வைங்க, பத்து வயசுல அவளே பார்ப்பா.

சிறுகோளுக்குப் பேர் வைக்கற அதிகாரம் உலகத்துலயே ஒரே இடத்துலதான் இருக்கு, சர்வதேச வானியல் ஒன்றியத்தோட பெயரிடும் குழு. அவங்க ஒரு பைசா வாங்கறதில்ல. நம்பர் கிடைச்ச பிறகு கண்டுபிடிச்சவருக்கு பத்து வருஷம் வரைக்கும் பேர் சொல்ல உரிமை உண்டு, குழு ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்டா அவங்க அறிக்கையில வரும், அதுல வந்தாதான் பேர். ஆங்கில எழுத்துல 16க்கு மேல போகக்கூடாது, ஒரே சொல்லா இருந்தா நல்லது, யாரையும் புண்படுத்தக்கூடாது, ஏற்கெனவே இருக்கற பேர் மாதிரியே இருக்கக்கூடாது, வியாபாரப் பேர் கூடாது. அரசியல் இல்ல ராணுவத்தால பேர் வாங்கினவங்கன்னா செத்து நூறு வருஷம் ஆகியிருக்கணும், இந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வளர்ப்புப் பிராணி பேர் வேண்டாம்னும் சொல்றாங்க, ஒருத்தர் தன் பூனை பேரை வச்சுட்டார், ‘2309 மிஸ்டர் ஸ்பாக்’னு அது இன்னும் சுத்திக்கிட்டிருக்கு.

தெரிஞ்ச சிறுகோள் பதிமூணு லட்சத்துக்கு மேல, நம்பர் வாங்கினது ஏழு லட்சத்துக்கு மேல, பேர் வாங்கினது கிட்டத்தட்ட இருபத்தஞ்சாயிரம்தான். அவ்வளவு பேரில்லாம இருக்கேன்னு யாரும் எடுத்து வித்துட முடியாது. அந்த சர்ட்டிபிகேட்டை எந்த வானாய்வகமும் மதிக்காது, அது வெறும் அச்சடிச்ச காகிதம்.

கேள்வி: நான் பத்தாவது படிக்கறேன். ஸ்கூல் பிள்ளைங்க சிறுகோள் கண்டுபிடிச்சாங்கன்னு நியூஸ்ல வருது. நானும் கண்டுபிடிக்க முடியுமா? எங்க வீட்ல டெலஸ்கோப் இல்ல. (கே.ஆர்.புரம், மாணவி)

முடியும்மா, டெலஸ்கோப் வேண்டாம், ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையும் போதும். சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்புன்னு ஒண்ணு அமெரிக்காவுல டெக்சாஸ்லேந்து நடக்குது, ஹவாய் தீவுல இருக்கற பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்களை பள்ளிக்கூடக் குழுக்களுக்கு இலவசமா அனுப்புவாங்க. கொஞ்ச நேர இடைவெளியில எடுத்த நாலு படம், ‘அஸ்ட்ரோமெட்ரிகா’ன்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தி மாத்தி ஓட்டினா நட்சத்திரம் எல்லாம் அப்படியே நிக்கும், ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டுல, ஒரே வேகத்துல, டக் டக்னு தாவும். அதுதான் வேணும். கேமராவுல விழற கோளாறுப் புள்ளிகளும் நிறைய இருக்கும், அது ஒரு படத்துல இருந்து அடுத்ததுல காணாம போகும், இல்ல கோணல்மாணலா போகும். நாலு படத்துலயும் வெளிச்சமும் வேகமும் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுதான் ரிப்போர்ட் அனுப்பணும். ஸ்கூல் சயின்ஸ் மிஸ்கிட்ட சொல்லி ஒரு குழுவா சேருங்க.

ஆனா ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோ. நியூஸ்ல ‘கண்டுபிடிச்சாங்க’ன்னு வர்றது பெரும்பாலும் முதல் படி மட்டும்தான். அதுக்கு அப்புறம் மத்தவங்களும் பார்த்து, தற்காலிக அடையாளம் வந்து, பல வருஷம் கழிச்சு நம்பர் வந்தாதான் பேர் வைக்க முடியும், அதுக்குள்ள நீ காலேஜே முடிச்சிருப்ப. போட்டியும் ஜாஸ்தி ஆயிடுச்சு, சிலி நாட்டுல வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூன்ல முதல் படங்களை வெளியிட்டப்ப பத்து மணி நேரத்துக்குச் சொச்சம் பார்த்ததுலயே 2,104 புது சிறுகோள் கிடைச்சுதுன்னு சொன்னாங்க. ஆனாலும் செய். ஒரு புள்ளி நகர்றதை உன் கண்ணால பார்த்து, அளந்து, அடுத்த ராத்திரி எங்க இருக்கும்னு நீயே சொல்லி அது அங்கேயே இருந்துச்சுன்னா, அந்த சந்தோஷத்துக்கு நம்பரும் வேண்டாம் பேரும் வேண்டாம்.

கேள்வி: ஏஷியாவை எங்க வீட்டு மொட்டை மாடியிலேந்து பார்க்க முடியுமா? (ஆர்.டி. நகர், வாசகர்)

வெறும் கண்ணால முடியாது. வெறும் கண்ணுக்குத் தெரியற சிறுகோள் வெஸ்டா ஒண்ணுதான், அதுவும் நல்ல இருட்டுல, நல்ல வருஷத்துல, பெங்களூர் வெளிச்சத்துல அதுக்கும் பைனாகுலர் வேணும். ஏஷியா நல்லா வெளிச்சமா இருக்கும்போதே ஒளியளவு (வெளிச்சத்தைச் சொல்ற நம்பர், கூடக் கூட மங்கல்னு அர்த்தம்) பத்துக்குப் பக்கத்துல. இந்த ஒளியளவுக் கணக்கைச் சரிப்படுத்தினவரும் போக்சன்தான், 1856ல, அஞ்சு படி கூடினா வெளிச்சம் நூறுல ஒரு பங்குன்னு அவர் போட்டதைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்துது. அதன்படி பார்த்தா ஏஷியா வெறும் கண்ணுக்குத் தெரியற கடைசி நட்சத்திரத்தைவிட முப்பது நாப்பது மடங்கு மங்கல்.

மொட்டை மாடியில பார்க்கணும்னா ஆறு இல்ல எட்டு அங்குல டெலஸ்கோப் வேணும், நிலா இல்லாத ராத்திரியா இருக்கணும், ஸ்டெல்லேரியம்னு இலவச சாஃப்ட்வேர்ல அது எங்க இருக்குன்னு பார்த்துக்குங்க, இல்லன்னா மைனர் பிளானட் சென்டர் தளத்துல 67னு போட்டா அன்னிக்கு இடம் வரும். அந்த இடத்துல தெரியற புள்ளிகளை ஒரு பேப்பர்ல வரைஞ்சு நேரத்தை எழுதி வைங்க, மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப வரைங்க. டெலஸ்கோப் இல்லன்னா ஹை கிரவுண்ட்ஸ் ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்துல வானம் காட்டற நிகழ்ச்சி எப்பன்னு விசாரிங்க, இல்லன்னா காவலூருக்கு ஒரு சனிக்கிழமை போயிட்டு வாங்க, பொதுமக்களை அனுமதிக்கறது அன்னிக்குதான். மேகம் இருந்தா டெலஸ்கோப்ல ஒண்ணும் தெரியாது, மழைக்காலம் முடிஞ்சு ஜனவரியிலேந்து ஏப்ரலுக்குள்ள போறது நல்லது, கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்குங்க, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.